இடதுகால் பெடல்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏற்காட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த முகமது இஸ்மாயிலின் சைக்கிள் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவரையும் சேர்த்தால் நாலு. இஸ்மாயில் நடுவில், தாழ்ந்த பலகையின் மேல், மடியில் ஒரு சக்கரத்தை வைத்துக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். கரடியூர் மாதையன் சுவரோரம் அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல், ராஜா மாதிரி காலை ஆட்டிக்கொண்டு. குழந்தைவேல் வாசலுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல். அங்கே உட்கார்ந்தால்தான் சேலத்து பஸ் வந்து திரும்புகிற வளைவு தெரியும். திரைக்குப் பின்னால், கடையை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில், இஸ்மாயிலின் மனைவி ஆயிஷா டீ போட்டுக்கொண்டிருந்தார்.

குழந்தைவேல் உட்கார்ந்திருந்தான் என்பது பேருக்குத்தான். பெட்டியில் அவன் குந்தியது கொஞ்சம், எழுந்து எட்டிப் பார்த்தது அதிகம்.

"நீ எட்டிப் பாக்கறதுனால பஸ்ஸு கொண்டை ஊசி வளைவுல வேகமாத் திரும்பீராது தம்பி, உக்காரு" என்றார் இஸ்மாயில், தலையைத் தூக்காமல்.

"உடுங்க பாய். பெட்டிக்குள்ள எறும்புப் புத்து இருக்குது போல, பாவம்" என்றான் மாதையன்.

குழந்தைவேல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அங்கே ஓர் இன்லண்டு லெட்டர் இருந்தது. மேலே முகவரி எழுதியாகிவிட்டது. உள்ளே "அன்புள்ள மச்சானுக்கு, இங்கு யாவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல்" வரைக்கும் எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே வெறும் நீலக் காகிதம்.

மச்சான் என்பது குழந்தைவேலின் மனைவி குப்பாயிக்கு அண்ணன், பொன்னுவேல். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். கம்பெனியில் ஓர் இடம் காலி, திங்கட்கிழமைத் தபாலில் வருகிறேன் என்றோ இல்லை என்றோ பதில் போடு, அதற்குமேல் என்னால் பிடித்து வைக்க முடியாது என்று எழுதியிருந்தான். போவதாக இருந்தால் குழந்தைவேல் ஒண்டியாகத்தான் போகவேண்டும். குப்பாயிக்கு வெள்ளக்கடை ரோட்டு எஸ்டேட்டில் நிரந்தர வேலை, எஸ்டேட் கொடுத்த லைன் வீடு. நிரந்தரத்தை விட்டுவிட்டுப் புருஷன் பின்னால் போன பெண்பிள்ளை அந்த மலையில் யாரும் இல்லை. கலியாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத வீடு. இவன் அங்கே, அவள் இங்கே, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்த்துக்கொள்வது என்றால் அது என்ன பிழைப்பு என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அதைத் தடுக்க ஒரே ஒரு வழி இருந்தது. அதே எஸ்டேட்டில் தபால் பை கொண்டுபோகிற ஆள் வயசாகி நின்றுவிட்டார். நாளைக்குக் காலையில் சொந்தச் சைக்கிளோடு வா, தொரை பங்களாவிலிருந்து கேட் வரைக்கும் பையோடு இறங்கிக் காட்டு, தொரைக்குப் பிடித்தால் உனக்குத்தான் என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் சேகர் சொல்லியிருந்தார். அதையே அவர் மாதையனிடமும் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் வந்து சேர்ந்தது ஒரே கடைக்கு. ஊரில் இருந்ததும் அந்த ஒரு கடைதான்.

மலையில் சைக்கிள் வைத்திருப்பவன் பாதி வழி சைக்கிள்மேல் போவான், மீதிப் பாதி சைக்கிளைக் கூட்டிக்கொண்டு போவான். ஏற்றத்தில் தள்ளித்தான் ஆகவேண்டும். தள்ளுகிறவன் இடப்பக்கம் நிற்பான். இடது பெடல் அடிக்கொரு தரம் கால் எலும்பில் இடிக்கும். அதனால் ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில் இடது பெடலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதும், இறக்கம் வந்ததும் மறுபடி மாட்டுவதும் அந்தப் பக்கத்து வழக்கம். இப்படி நாளுக்குப் பத்துத் தரம் கழற்றி மாட்டினால் எந்தத் திருகு மரைதான் தாங்கும்? சனிக்கிழமை குழந்தைவேல் மாட்டப் போனபோது, அவனுடைய இடது பெடலின் மரை தேய்ந்து மொழுக்கென்று ஆகி, பிடிக்காமல் கையோடு வந்துவிட்டது.

இஸ்மாயில் கடையிலும் இடது பெடல் இல்லை. சேலத்திலிருந்து ஜோடி ஜோடியாகத்தான் வரும்; இடது மட்டும் விற்றுப்போகும். கூரைக் கம்பியில் வலது பெடல்கள் மட்டும் கோத்து, மாலை மாதிரி தொங்கின. அவற்றை வாங்குகிற ஆள் மலையில் ஒருத்தன்தான். அது மாதையன். அவன் இடதுகைக்காரன். வலப்பக்கம் நின்று தள்ளுவான், வலது பெடலைக் கழற்றுவான். கழற்றிய பெடல் சட்டைப்பையிலிருந்து நழுவிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று அன்றைக்கு வந்தான். இஸ்மாயில் எழுந்து நிற்காமலே ஒரு குச்சியால் மாலையிலிருந்து ஒன்றை இறக்கி, டீ ஆறுவதற்குள் மாட்டிவிட்டார்.

"எல்லாரும் என்னைப் பீச்சாங்கைன்னு சிரிச்சீங்க. இப்பப் பாருங்க, மாலையே எனக்குத்தான்" என்றான் மாதையன். பிறகு குழந்தைவேல் பக்கம் திரும்பி, "வேணும்னா என்னோட இடது பெடலைக் கழட்டித் தரட்டுமா? நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கோ" என்றான்.

"நாளைக்கு மத்தியானம் அதை வெச்சு நான் என்ன, கறிக்கு மசாலா இடிக்கறதா?"

திரைக்குப் பின்னால் ஆயிஷா சிரிக்கிற சத்தம் கேட்டது.

பஸ் வந்தது. குழந்தைவேல் அது நிற்பதற்குள் ஓடினான். காலையில் கடை பூட்டியிருந்தபோது அவனாகவே கண்டக்டர் ராமசாமியைப் பிடித்து, சேலத்தில் ஒரு பெடல் வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தான். மலையில் இருப்பவர்கள் எந்தச் சாமான் வாங்குவதானாலும் அப்படித்தான்: பழைய சாமானை மாதிரிக்குக் கயிற்றில் கட்டி, 'இதேபோல் ஒன்று' என்று சீட்டு எழுதிக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். சேலத்துக் கடைக்காரன் மாதிரியைப் பார்த்து அதேபோல் ஒன்றை எடுத்துக் கட்டிவிடுவான். ஒருநாளும் தப்பியதில்லை.

பொட்டலத்தோடு திரும்பி வந்தான். இஸ்மாயில் பிரித்தார். ஒரு பழைய பெடல், ஒரு புதுப் பெடல். புதியதை எடுத்து மரையை வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் பழையதைப் பார்த்தார். அப்புறம் குழந்தைவேலின் மூஞ்சியைப் பார்த்தார்.

"மாதிரிக்கு எதைக் கட்டிக் குடுத்தே?"

"வலதைத்தானுங்க. இடதுல மரையே இல்லீங்களே. அதைக் காட்டினா கடைக்காரனுக்கு என்ன அளவு தெரியும்னு, நல்லதாக் கட்டி..."

சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு உறைத்துவிட்டது. வலது பெடலின் மரை ஒரு திசை, இடது பெடலின் மரை அதற்கு எதிர்த் திசை. மிதிக்க மிதிக்க இரண்டும் தானாக இறுகுவதற்காக அப்படி. அது அவன் கைக்கு நன்றாகத் தெரியும். காலையில் அவசரத்தில் கயிறு கட்டியபோது மூளைக்கு எட்டவில்லை. கடைக்காரன் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டான். அது வலது பெடல்.

இஸ்மாயில் திட்டவில்லை. கூரைக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். "நம்ம மாலைக்கு ஒண்ணு கொறைஞ்சுதுன்னு சேலத்துல இருந்து வரவழைச்சிருக்கே" என்றார். மாதையன் டயர்மேல் இருந்து விழுந்து சிரித்தான். குழந்தைவேலுக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால்.

"திரும்பி வந்து நீள போல்ட் ஒண்ணு போட்டு, ரெண்டு பக்கமும் நட்டு வெச்சு, நடுவுல பைப்புத் துண்டு மாட்டித் தர்றேன். மிதிக்கலாம். பாக்க நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டு இஸ்மாயில் கையைக் கழுவிக்கொண்டு தொழுகைக்குப் போனார். மாதையன் பன் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான்.

கடையில் குழந்தைவேலும் இரண்டு சைக்கிள்களும் மட்டும்தான்.

பெட்டியில் உட்கார்ந்தான். எழுந்தான். வாசல்வரைக்கும் போய்த் திரும்பினான். மாதையனின் சைக்கிள் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஸ்டாண்டில் நின்றது. ஒருநாளும் கழற்றப்படாத பெடல், ரப்பர் தேயாமல் புத்தம்புதுசாக இருந்தது. ஸ்பேனர் பலகைமேலேயே கிடந்தது. போல்ட்டில் காலை வைத்துக்கொண்டு தொரை முன்னால் இறங்குவதை நினைத்துப் பார்த்தான். குப்பாயி லைன் வீட்டு வாசலில் ஒண்டியாக நிற்பதை நினைத்துப் பார்த்தான். எப்போது ஸ்பேனரை எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. கை தானாகப் போய், சரியான திசையில் ஒரு அழுத்து அழுத்தியது. இறுக்கம் விட்டது. ஒரு சுற்று. இன்னும் இரண்டு மூன்று சுற்று.

"ஏனுங்க தம்பி" என்றார் ஆயிஷா திரைக்குப் பின்னாலிருந்து. "சீனி போதுமான்னு எப்பக் கேட்டேன். சத்தமே காணோம்?"

"போதுமுங்கக்கா" என்றான். ஸ்பேனர் பலகைக்குப் போய்விட்டது. கையைத் துணியில் துடைத்தான்.

திரும்ப இறுக்கிவிட ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்தில் மாதையன் வந்து நின்றான். பன்னை இரண்டாகப் பிய்த்துப் பெரிய துண்டை இவனிடம் நீட்டினான்.

"தின்னு. நாளைக்கு யாருக்குக் கெடைச்சாலும் இன்னைக்கு வயிறு ஒண்ணுதான்."

குழந்தைவேல் வாங்கி வாயில் வைத்தான். மாதையன் பக்கத்து மேட்டில் இருக்கிற சின்னம்மா வீட்டில் தங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் வலப்பக்கம் நின்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். வாயில் பன் இருந்தது. பன் மட்டும் இல்லாதிருந்தால் சொல்லியிருப்பேன் என்று குழந்தைவேல் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அவனாலேயே அதை நம்ப முடியவில்லை. தொழுகை முடிந்து வந்த இஸ்மாயில் வலது பெடலையும், சொன்னபடியே போல்ட்டையும் மாட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கு ராத்திரி குப்பாயி இரண்டு தரம் கேட்டாள், ஏனுங்க இப்படிப் பெரண்டு பெரண்டு படுக்கறீங்க என்று. கொசு என்றான். மாசி மாதத்துக் குளிரில் கொசு ஏது என்று அவள் கேட்கவில்லை. காலையில் மாதையன் வந்தவுடன், யாருக்கும் தெரியாமல், பேச்சுக் கொடுத்தபடியே கையால் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் போதும். இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் அவனால் கண்ணை மூட முடிந்தது.

விடிந்ததும் எஸ்டேட் கேட்டுக்குப் போய் நின்றான். மாதையன் வரவில்லை. பங்களா மேட்டுக்கு ஏறிப் பார்த்தான். அங்கேயும் இல்லை. மறுபடி கேட்டுக்கு வந்தபோது தொரையும் ரைட்டர் சேகரும் அங்கே வந்து நின்றிருந்தார்கள். தொரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, கோயமுத்தூர்க்காரர்தான். எஸ்டேட் மேனேஜர் வேலையில் யார் இருந்தாலும் அவர் தொரைதான்.

"உன் ஜோடி வந்தாச்சு. குறுக்கு வழியா மேல போயிட்டான். நீ முதல்ல இறங்கு" என்றார் சேகர்.

குழந்தைவேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனான். மாதையன் பங்களா வாசலில் வாட்ச்மேனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து அவ்வளவு தூரமும் ஏற்றம், தள்ளிக்கொண்டேதான் வந்திருப்பான். மிதித்தால்தானே பெடல் இறுகும்? தள்ளினால் இறுகாது. அவன் நிற்பது வலப்பக்கம், லூசான பெடல் இருப்பது இடப்பக்கம். கண்ணிலும் பட்டிருக்காது. குழந்தைவேல் அவனை நோக்கி நாலடி வைப்பதற்குள் வாட்ச்மேன் தபால் பையை இவன் தோளில் மாட்டிவிட்டு, "போ, போ, தொரை கீழ நிக்கறாரு" என்று தள்ளினான்.

இறங்கினான். இடதுகாலுக்குக் கீழே பைப்புத் துண்டு உருண்டது. நடுவில் கல்கட்டு வளைவு; அங்கே ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஆள் உயரப் பள்ளம். காலை அழுத்தி ஊன்றி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, வளைவைக் கடந்து கேட்டில் வந்து நின்றான். தொரை குனிந்து போல்ட்டைப் பார்த்தார்.

"இதுல மிதிச்சா வந்தே?"

"ஆமாங்க."

"பரவாயில்லையே, சேகர்" என்றார் தொரை. ரைட்டர் கண்ணைக் காட்டினார், கிடைத்தது என்று வைத்துக்கொள் என்பதுபோல். கேட்டுக்கு மேலே காப்பிச் செடிக்குள் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் குப்பாயியும் இருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள்.

மேலே சைக்கிள் மணி அடித்தது. மாதையன் புறப்பட்டுவிட்டான்.

சும்மா நின்றிருந்தால் போதும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. குழந்தைவேல் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு மேட்டில் ஓடினான். செருப்பு ஒன்று கழன்று போனது. கல்கட்டு வளைவுக்குப் போய், ரோட்டு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"தள்ளிக்கடா, பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?" என்று கத்தியபடி மாதையன் பிரேக் பிடித்தான். சக்கரம் சறுக்கிப் பாறைப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஊன்றுவதற்கு இடதுகாலை அழுத்தினான். பெடல் ஒருபக்கம் தொங்கி, மரையிலிருந்து கழன்று, ரோட்டில் உருண்டு, பள்ளத்து விளிம்பில் போய் நின்றது.

நாலு பேரும் அதைப் பார்த்தார்கள்; தொரையும் சேகரும் பின்னாலேயே ஏறி வந்திருந்தார்கள்.

"யார்கிட்ட ரிப்பேர் பண்ணினே?" என்று கேட்டார் தொரை, மாதையனிடம்.

"இஸ்மாயில் பாய் கடைலீங்க. நேத்துத்தான்."

"பெடலைக்கூட இறுக்கத் தெரியாதவன்கிட்டயா நம்ம எஸ்டேட் சைக்கிள் எல்லாம் போகுது? சேகர், இனிமே ஒரு சைக்கிளும் அங்க போகக்கூடாது."

மாதையன் தலையைச் சொறிந்தான். "பாய் அப்படி உடமாட்டாருங்களே" என்று முனகினான்.

தூரத்திலிருந்தே ஆடுவது தெரிந்தது, அதனால் ஓடி வந்தேன் என்று சொல்லலாம். அதை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. வேலையும் கிடைக்கும், நல்ல பேரும் கிடைக்கும். குழந்தைவேல் வாயைத் திறந்தபோது அதைத்தான் சொல்லப் போகிறோம் என்று நினைத்தான்.

"பாய் மேல தப்பு இல்லீங்க. அது இறுக்கமாத்தான் இருந்துச்சு. நாந்தான் லூசு பண்ணினேன். எனக்கு மாட்டிக்கலாம்னு."

செடிக்குள் கவாத்துக் கத்திகள் நின்றுபோயிருந்தன.

"சரி. நீ போ" என்றார் தொரை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மாதையன் போய்ப் பெடலை எடுத்து வந்தான். மண்ணை ஊதிவிட்டு மாட்டினான், இடது கையால் இறுக்கினான். குழந்தைவேலை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏறி மிதித்துக்கொண்டு கேட்டுக்கு இறங்கினான்.

மத்தியானம் குப்பாயி சாப்பாட்டுக்கு வந்தபோது குழந்தைவேல் துணிப்பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். அவள் சோற்றுப் பானையைத் திறந்தாள், மூடினாள்.

"நீங்க ஓடாம நின்னிருக்கலாம்."

"ஆமா."

"நின்னிருந்தா நான் உங்ககூடப் பேசியிருக்க மாட்டேன்" என்றாள். சோற்றைத் தட்டில் போட்டபடியே, "கம்பளியை எடுத்துக்கோங்க" என்றாள்.

"திருப்பூர்ல கம்பளி எதுக்கு? அங்க வெயில் மண்டையைப் பொளக்கும்."

"எனக்கென்ன தெரியும். எடுத்துக்கோங்க."

அவன் கம்பளியையும் மடித்தான். பிறகு இன்லண்டு லெட்டரைத் தொடைமேல் வைத்து, நலமறிய ஆவலுக்குக் கீழே எழுதினான்: இந்த வியாழக்கிழமை பஸ்ஸில் புறப்பட்டு வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வரவும். உங்கள் தங்கை சௌக்கியம். அவள் வரவில்லை. நான் மட்டும் வருகிறேன். சைக்கிளை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன், இடது பெடல் ஒன்று வாங்கி மாட்ட வேண்டியிருக்கிறது.

கடைசி வரி மச்சானுக்கு எதற்கு என்று யோசித்தான். எழுதியது எழுதியபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஓரத்துப் பசை மலைக்காற்றின் ஈரத்தில் போயிருந்தது. குப்பாயி தட்டிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துக் கொடுத்தாள். அதை விரலால் நசுக்கித் தடவி, மடிப்பை அழுத்தி, உள்ளங்கையால் தேய்த்துவிட்டான்.

வெளியில் மணிச்சத்தம் கேட்டது. மாதையன், தோளில் புதுத் தபால் பை. லைன் வீடுகளுக்கு முன்னால் ஒவ்வொரு வாசலாகத் தபால் கேட்டுக்கொண்டு வந்தான். இந்த வாசலில் மட்டும் கேட்காமல் நின்றான்.

குழந்தைவேல் உள்ளே போய், சேலத்திலிருந்து வந்த வலது பெடலை எடுத்து வந்து நீட்டினான். "இது உனக்குத்தான் ஆகும். இந்த மலையில வேற யாருக்கும் ஆகாது."

மாதையன் மரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுவும் லூசுதானா?"

"நீயே இறுக்கிக்கோ."

மாதையன் சிரிக்கவில்லை. ஆனால் பெடலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் கையை நீட்டினான். குழந்தைவேல் லெட்டரைக் கொடுத்தான். மாதையன் மேலே இருந்த முகவரியை வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தான்: திருப்பூர். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் இன்னொரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, மற்றக் கடிதங்களுக்கு நடுவில் செருகி, பையின் வாரை இழுத்துப் பூட்டினான். சைக்கிளில் ஏறினான். இறக்கம்தான், இரண்டு பெடலிலும் கால் வைத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போகிற ரோட்டில் இறங்கிப் போனான்.